கழுத்தில் வைத்த கை

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, வந்தவளின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கேள்விகள் கேட்டுக் கணிக்கும் ரிஸ்க் அசெஸ்மென்ட் என்றாலே கொட்டாவி வருகிறது. எனக்கோ இன்றும் கை பரபரக்கும். காரணம் செல்வி.

உத்தமபாளையத்தில் எங்கள் பெண்கள் உதவி மையத்துக்கு அவள் அம்மாவோடு வந்தது, கணவன்மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற. முந்தின நாள் குச்சனூர் கோயிலில் அவன் சூடத்தை அணைத்து, இனி கை நீட்டமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான். எங்கள் பக்கம் சூடத்தை அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் சந்தேகப்பட்டால் சாமியையே நம்பாதவள் என்பார்கள். அவளை வீட்டுக்கு அழைத்துப் போக அவன் வெளியே ஆட்டோவில் காத்திருந்தான்.

அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, செல்வியிடம் தனியாகப் பேசினேன்.

“கடைசியா எப்ப அடிச்சாரு?”

“பொங்கலுக்குப் பிறகு அடிக்கல மேடம்.”

“கழுத்துல கை வச்சாரா?”

“அது அடியா மேடம்? போன வாரம் சும்மா பிடிச்சாக. நானா மயங்கி விழுந்துட்டேன்.”

தானாக மயங்கினாளாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்னத்தில் விழும் அறையைவிட மோசமான அறிகுறி இது. கழுத்தை நெரித்தவன் அடுத்த முறை கொன்றே விடலாம். ஹை ரிஸ்க். அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். சேலைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தவள், “இன்னைக்கு அவுக கூடப் போகல மேடம்” என்றாள்.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போன் போட்டேன். இன்ஸ்பெக்டர், “ஆட்டோவ நாங்க பாத்துக்கிறோம். நீங்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க” என்றார். செல்வியின் சம்மதத்தோடு அவள் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சத்தியத்தைச் சொல்லிச் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர், “பின்னால வழி இருக்கா?” என்று மட்டும் கேட்டார். பின்வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்க, மூவரும் ஏறினோம். எனக்குப் பயம் பாதி, சந்தோஷம் பாதி.

ஆஸ்பத்திரியில் செல்விக்குத் தொண்டைக்குள் வீக்கம் என்றார் டாக்டர். சரியான நேரத்தில் வந்துவிட்டோம். அந்தத் தெம்பில் டீ வாங்கி வந்து அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“எங்க வீட்டுல அவுகளும் அப்படித்தேன் பிடிப்பாக. அதுல உசுரு போயிருமா மேடம்?”

“இப்பவுமா?”

“போன மாசங்கூட.”

டீயைக் கீழே வைத்துவிட்டு, முதல் கேள்வியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

பிள்ளைகளே, ‘அடித்தாரா’ என்பதோடு நிறுத்தாதீர்கள். என்னவெல்லாம் செய்தார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கூட வந்தவரையும் தனியாகக் கேளுங்கள். அன்று பாதுகாப்பு இல்லத்துக்குப் போன் செய்து, செல்விக்குக் கேட்டிருந்த ஒரு கட்டிலை இரண்டாக்கினேன்.