துரையின் பையில் வேலாயியின் கடிதம்

தபால் கந்தோருக்கு வருபவர்களில் பாதிப் பேர் முத்திரைக்கு வருவார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். அரசாங்கக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகு வளைந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நோர்வூட்டில் கிளாக்கராக இருந்தபோது, நம் முகத்தைப் பார்க்கவென்றே வரும் இரண்டு பேர் எனக்கு வாய்த்தார்கள். அவர்களை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷம் பாதி, ஆத்திரம் பாதி.

கீரைக்கட்டு

கொழுந்து பறிக்கும் வேலாயி வெள்ளிதோறும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருவாள். தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாத காலம் அது. அதற்கு விண்ணப்பித்திருந்தாள், விசாரணைக் கடிதம் வந்ததா என்று கேட்பாள். இல்லை என்றாலும் சிரித்துக்கொண்டே ஒரு கட்டுக் கீரையைக் கவுண்டரில் வைப்பாள். ஊரையே சந்தேகப்படும் எங்கள் போஸ்ட்மாஸ்டர், "இது என்ன சந்தையா?" என்று ஒருநாள் சீறினார்.

"சந்தைன்னா வெல சொல்லியிருப்பேனுங்களே!"

நானாவின் கேள்வி

எதிர்க்கடை முஸ்லிம் முதலாளியை நானா என்போம். அவர் தினமும் ஒரு முத்திரை வாங்க வந்து ஒரு மணி நேரம் பேசுவார். வேலாயிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். தோட்டத்து ஆட்களின் கடிதத்தை நேரில் கொடுக்கக்கூடாது, தோட்டத்துக்குரிய தோல்பையில் போட்டுப் பூட்டி அனுப்பவேண்டும், தோட்டத்தை நடத்தும் துரை திறந்து கொடுப்பார் என்பது எங்கள் வழக்கம். இதைச் சொன்னதும் நானாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மனுசிக்குக் கையிருக்கு, கடிதத்துல பேரிருக்கு, நடுவுல தொரைக்கு என்ன வேல?"

 

பூட்டிய பை

ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் வந்தேவிட்டது. வேலாயி என் எதிரில் நிற்கிறாள், கடிதம் என் கையில் இருக்கிறது. போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தேன். தலையை ஆட்டி மறுத்தார். பையில் போட்டுப் பூட்டினேன். "தோட்டத்துக்கு வருது, அம்மா" என்றேன். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு இன்றும் சுடுகிறது.

திங்கட்கிழமை ஓடி வந்தாள். துரை கொழும்புக்குப் போய்விட்டாராம், சாவியும் அவரோடு போய்விட்டதாம், பை தோட்டத்துக் கந்தோரில் பூட்டியபடியே கிடக்கிறதாம். அதே பூட்டுக்கு இன்னொரு சாவி எங்கள் மேசையில் இருந்தது. "பை அங்கே போய்விட்டால் அது துரையின் சொத்து. தொட்டால் உன் வேலை போகும்" என்றார் போஸ்ட்மாஸ்டர். நான் தொடவில்லை.

துரை பன்னிரண்டாம் நாள் வந்தார். கடிதத்தை எடுத்துக்கொண்டு வேலாயி என்னிடம் வந்தாள். வாசித்தேன். விசாரணை நாள் முந்தின வாரமே கடந்திருந்தது. வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி என்று அடியில் எழுதியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கவுண்டரை ஓங்கி அடித்தேன். மைக்கூடு கவிழ்ந்தது, அவ்வளவுதான் நடந்தது. அவள் முந்தானையால் மையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னைக்குங்களா? அன்னைக்குக் கொழுந்து ஆஞ்சிக்கிட்டு இருந்தேங்க. பத்து வயசுலேருந்து ஆயிறேன், அன்னைக்கு ஒரு நா போயிட்டு வாடின்னு சொல்ல ஒரு ஆளு இல்லாமப் போச்சுங்களே!"

சட்டத்தை மீறினால் வேலை போகும், மீறாவிட்டால் தூக்கம் போகும் என்பதுதான் கவுண்டர் உத்தியோகம். நான் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன்.