சுடுநீர்த் தொட்டியும் ட்ரிப் சுவிட்சும்

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், கரண்ட் கசிந்தால் தானே விழும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். அழுத்தினால் வீடு முழுவதும் கரண்ட் போக வேண்டும். அன்று போகவில்லை. மறுபடி அழுத்தினேன். மின்விசிறி சுற்றிக்கொண்டேயிருந்தது.

வீடு கண்டிக்கு மேலே, ஹந்தானை மலையில் இருக்கிறது. கொழும்பில் வசிக்கும் என் அண்ணன், நானாவுடையது. மேல்மாடியை உல்லாசப் பயணிகளுக்கு விட்டிருக்கிறோம். கீழே நானும் மனைவியும் இருந்து பார்த்துக்கொள்கிறோம். இந்த வருடம் நானா பின்முற்றத்தில், மலை தெரியும் பக்கமாக, சுடுநீர்த் தொட்டியொன்றை வைத்தார். அதற்கான கரண்டைச் சமையலறையிலிருந்தே எடுத்தார். வெளியில் தண்ணீரோடு இருக்கும் சாமானுக்குத் தனி லைனும் எர்த்தும் வேண்டும் என்று அப்போதே சொன்னேன். "பொறகு பாப்போம்" என்றார்.

மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு ட்ரிப் சுவிட்சின் மூடியைக் கழற்றினேன். வரும் வயரையும் போகும் வயரையும் நேராக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. சுவிட்சுக்குள் எதுவுமே போகவில்லை.

கண்டியில் இது புதிதல்ல. பின்னேர இடிமுழக்கத்துக்கு சுவிட்ச் விழும். ஆளில்லாத நேரம் விழுந்தால் ஃப்ரிஜ்ஜிலுள்ள இறைச்சி பழுதாகும். உடனே வயரிங் வேலை செய்யும் பாஸைக் கூப்பிட்டு அதை 'நேராக்கி' விடுவார்கள். அதன்பிறகு அது சுவருக்கு அலங்காரம்.

பின்னால் நின்ற மனைவி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப, தொட்டி கழுவக்க கையில சுள்ளெண்டது அதுதானா?"

"எப்ப?"

"போன கெழம. ரெண்டு மூணு தரம். நானா வந்த நேரம் சொன்னேன். செருப்பு போட்டுட்டுக் கழுவுங்க தங்கச்சி எண்டு, நீலச் செருப்பொண்டு வாங்கித் தந்தார்."

அந்தச் செருப்பை நானும் பார்த்திருந்தேன். நானாவுக்கு இவள்மேல் இருக்கும் அக்கறை என்று நினைத்திருந்தேன்.

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நீங்க சண்ட பிடிப்பீங்க."

சண்டைதான் பிடித்தேன். நானா தொலைபேசியில் மறைக்கவேயில்லை. "போன மாசம் நீங்க இல்லாத நேரம் பாஸுக்கு நான்தான் சொன்ன. ஒவ்வொரு மழைக்கும் விழுது. வெள்ளக்காரன் தொட்டிக்குள்ள குந்தி ஈக்கக்க கரண்ட் போனா என்ன செய்யிற?"

"கரண்ட் போனா எழும்பி வருவான். அவளுக்குக் கரண்ட் அடிச்சது உங்களுக்குத் தெரியும்."

"சும்மா சுள்ளெண்டு தானே. அந்த மலையில எந்த வீட்டு சுவிட்ச் வேல செய்யிது? ஒனக்குத் தொழுகையோட பட்டன் அமத்துறதும் பர்ளான கடமையாயிட்டா?" சிரித்தார். "பின்னேரம் ஆக்கள் வாராங்க. தொட்டியச் சூடாக்கி வை."

"வைக்க மாட்டேன்."

தொலைபேசியை வைத்துவிட்டேன். தொட்டியின் வயரைக் கழற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வந்தவர்களிடம் தொட்டி இல்லை என்றேன். அவர்கள் பெட்டியைக்கூட இறக்காமல் திரும்பிப் போனார்கள். நானா அதன்பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை.

தெல்தெனியவிலிருந்து வேறொரு பாஸை வரவழைத்தேன். அவர் வீட்டு ட்ரிப் சுவிட்சை மறுபடி இணைத்தார். தொட்டிக்குத் தனி லைன், தனி ட்ரிப் சுவிட்ச், நிலத்தில் எர்த் கம்பி. தொட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பவருக்குக் கை எட்டாத இடத்தில் ஒரு நிறுத்தும் சுவிட்ச். எல்லாம் முடித்துத் தண்ணீர் நிரப்பிக் கரண்ட் கொடுத்ததும் தொட்டியின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. அன்று மழையுமில்லை, இடியுமில்லை. ஹீட்டரைத் திறந்தால் உள்ளே தண்ணீர் கசிந்து கம்பி வெடித்திருந்தது. இத்தனை நாளும் எங்கள் சுவிட்ச் விழுந்தது இடிக்காக மட்டுமல்ல. என் மனைவி ஈரக் கையை வைத்தது இந்தக் கம்பி சூடாக்கிய தண்ணீரில்.

ஹீட்டர் மாற்றிய பிறகு நானா வந்தார். தொட்டியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு விறாந்தைக் கதிரையில் அமர்ந்தார்.

"சாமான் பழுது. அத மொதல்ல சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே. வந்த ஆக்களத் திருப்பி அனுப்பி என்னய வெக்கப்படுத்திட்டாய்."

மனைவி தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய கையிலிருந்து கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"சீனி கொறவு தங்கச்சி" என்றார். வேறொன்றும் அவளிடம் கேட்கவில்லை.

அவள் சீனி எடுக்கத் திரும்பினாள். "நீங்க போக வேணாம்" என்று அவளிடம் சொன்னேன். நானா என்னைப் பார்த்தார். சீனிப் போத்தலை நானே எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனேன். அவருடைய வாகனம் இறக்கத்தில் இறங்கும் சத்தம் கேட்கும்வரை நான் வெளியே வரவில்லை.