கட்சிக்காரர் கேட்ட நிபந்தனை

கிரிமினல் பக்கம் புதிதாக வரும் ஜூனியர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் கிராஸ் எக்ஸாமினேஷன் பற்றித்தான். நான் சொல்லப்போகும் கேஸில் கிராஸே கிடையாது. சாட்சிக் கூண்டில் ஒருவரும் ஏறவில்லை. ஆனாலும் இருபத்தாறு வருஷ பிராக்டீஸில் என் நெஞ்சு இந்த அளவுக்கு அடித்துக்கொண்ட நாள் வேறு இல்லை.

1. மூன்றாவது பாரா

சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் என் ஆபீஸ். ஒரு திங்கட்கிழமை காலை ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஜெயசீலன், டைல்ஸ் போடுகிற மேஸ்திரி. மனைவி எஸ்தர். அவர்களுடைய ஏழு வயதுப் பெண் பெனிட்டாவுக்கு வலிப்பு நோய். இரண்டு வருஷம் ஒழுங்காக மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஒரு சின்ன ஜெபவீட்டில் சேர்ந்தார்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று அங்கே சொல்லித் தந்தார்கள். பிள்ளை ஜெபத்தில் குணமாகிவிட்டாள் என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

நான்கு மாதம் ஒன்றும் இல்லை. ஐந்தாவது மாதம் ஸ்கூலில் வலிப்பு வந்தது, நிற்கவே இல்லை. டீச்சர் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிள்ளை பிழைத்தது. பெற்றோர் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு ஒரு ஹோமில் வைத்துவிட்டது. இவர்களும் உள்ளே போய்விட்டால் அவள் எப்போது வீடு திரும்புவாள் என்று சொல்ல ஆள் கிடையாது.

முன்ஜாமீன் மனு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அரை மணி நேரத்தில் அடித்து நீட்டினேன். ஜெயசீலன் கையெழுத்துப் போடாமல் வரிக்கு வரி அர்த்தம் கேட்டார். இப்படிக் கேட்கிற கட்சிக்காரர் என்றாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

"இந்த மூணாவது பாராவுல என்ன மேடம் எழுதியிருக்கு?"

"நீங்க எந்தத் தப்பும் பண்ணலை, பொய்யா மாட்டி விட்டிருக்காங்கன்னு. எல்லா மனுவுலயும் வர்றதுதான்."

"பொய்யா யாரும் மாட்டி விடலையே மேடம். மாத்திரைய நிறுத்துனது நாங்கதான். டீச்சரம்மா சொன்னது அத்தனையும் நெஜம்."

"இது கோர்ட்டு விஷயம் ஜெயசீலன். எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க."

"எழுதட்டும் மேடம். நான் பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஜெயிலுக்குப் போகிற கால் இப்படியா அடம் பிடிக்கும்? வேறு வழியில்லாமல் அந்தப் பாராவை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நடந்தது உண்மை, நிறுத்தியது நாங்கள், கெடுதல் நினைத்து அல்ல, நம்பிச் செய்தோம். இப்படி ஒரு மனுவை நான் அதுவரை போட்டதே இல்லை. கடைசியில் மட்டும் வழக்கம்போல, ஜாமீனுக்குக் கடுமையான நிபந்தனை எதுவும் விதிக்க வேண்டாம் என்று முடித்தேன். அந்த வரி எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

2. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க

முதல் நாள் வாதத்தில் நான் மத சுதந்திரத்தில் ஆரம்பித்தேன். அரசியலமைப்பில் அந்த உரிமை இருக்கும் அதே வரியிலேயே பொது சுகாதாரத்துக்கு உட்பட்டு என்றும் இருக்கிறது. அரசுத் தரப்பு வக்கீலான பி.பி. அதைப் பிடித்துக்கொண்டார். அங்கே பேசியது கன்னடம், தமிழில் தருகிறேன்.

"பெரியவங்க தனக்கு மருந்து வேணாம்னு சொல்லட்டும், அது அவங்க நம்பிக்கை. ஏழு வயசுப் பிள்ளை என்ன நம்பிச்சுன்னு அதுகிட்ட யாரு கேட்டாங்க?"

உள்ளுக்குள் நானும் அவர் பக்கம்தான் இருந்தேன். ஆனால் ஜட்ஜ் மூன்றாவது பாராவை இரண்டு தடவை புரட்டிப் பார்த்ததைக் கவனித்தேன்.

"இதை எழுதச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"கட்சிக்காரர்தான்."

"நாளைக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் அரெஸ்ட் வேணாம்."

முன்ஜாமீனுக்குக் கட்சிக்காரரை நேரில் கூப்பிடுவது அபூர்வம். அன்று சாயந்திரம் ஜெயசீலனை எதிரில் உட்காரவைத்துச் சொன்னேன். "மாத்திரை குடுப்பீங்களான்னு ஜட்ஜ் கேப்பார். 'குடுப்பேன்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. பிள்ளை வீட்டுக்கு வந்துடும்."

"அதை மட்டும் கேக்காதீங்க மேடம்" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அதே கேள்விதான் வந்தது.

"நானா குடுக்க மாட்டேன் ஸ்வாமி" என்றார் ஜெயசீலன், ஜட்ஜைப் பார்த்து.

பி.பி. ஃபைலை மூடினார். முடிந்தது கதை என்று நான் நினைத்தேன்.

"நீங்க உத்தரவு போட்டா குடுப்பேன் ஸ்வாமி. அதிகாரத்துல இருக்கறவங்களுக்குக் கீழ்ப்படியணும்னும் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அது எங்களுக்கு விசுவாசக் குறைவு கிடையாது. உத்தரவு போடுங்க." அவர் கை கூப்பினார். "தயவு செஞ்சு போடுங்க ஸ்வாமி."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனுஷன் மாத்திரை கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்திருக்கிறார். தானாக இறங்கி வர முடியவில்லை, அவ்வளவுதான். அவருக்கு வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை, வேண்டவே வேண்டாம் என்று மனுவின் கடைசி வரியில் எழுதி வைத்திருந்தவள் நான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

துள்ளி எழுந்தேன். "நிபந்தனை வேண்டாம்னு கேட்டதை வாபஸ் வாங்குறேன். நிபந்தனை வேணும். எவ்வளவு கடுமையா போட்டாலும் சரி."

பி.பி. என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்போது எஸ்தர் என் பக்கம் வந்து தமிழில் மடமடவென்று பேசினார். என்னிடம் வந்த நாளிலிருந்து அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு போடச் சொல்லுங்க மேடம். மாசாமாசம் டாக்டர்கிட்ட காட்டணும்னு போடச் சொல்லுங்க. என் பேரையும் சேத்துப் போடச் சொல்லுங்க. அவர் பேரு மட்டும் இருந்தா, நீ குடுக்காதன்னு ஜெபவீட்டுல என்னைப் பிடிச்சுக்குவாங்க."

நான் கன்னடத்தில் சொல்லச் சொல்ல, ஜட்ஜ் ஸ்டெனோவுக்கு ஒவ்வொன்றாக டிக்டேட் செய்தார். மாத்திரையின் பெயர், வேளை, டாக்டர் சீட்டை மாதம் ஒருமுறை ஸ்டேஷனில் காட்டுவது, இரண்டு பேர் பெயரும். வெளியே வந்ததும் எஸ்தர் வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன், சொல்வதில் வெட்கம் இல்லை.

பெனிட்டாவைக் குழு ஆறு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியது. கேஸ் இன்னும் நடக்கிறது. அதன் முடிவு எப்படியானாலும் நான் கற்றுக்கொண்டது ஒன்று. கட்சிக்காரருக்கு என்ன வேண்டும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும் என்று எண்ணி உட்காராதீர்கள். வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் முன்னால் அவரிடமே கேளுங்கள்.

3. கேஸ் இல்லாத கட்சிக்காரர்கள்

போன மாதம் அதே ஜெபவீட்டிலிருந்து இன்னொரு தம்பதி வந்தார்கள். அவர்களுடைய நாலு வயதுப் பையனுக்கு இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

"ஜெயசீலன் அண்ணனுக்கு வாங்கித் தந்தீங்களே மேடம், அந்த மாதிரி எங்களுக்கும் ஒரு உத்தரவு வேணும்" என்றார் பையனின் அப்பா.

"உங்க மேல என்ன கேஸ்?"

"கேஸ் எதுவும் இல்ல மேடம்."

"கேஸ் இல்லாம கோர்ட் எப்படிங்க உத்தரவு போடும்?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்து, "அப்ப எங்க மேல ஒரு கேஸ் போட்டுடுங்க மேடம். தேதிக்கு இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு" என்றார்.

சிரிப்பு வரவில்லை. லெட்டர்ஹெட்டை எடுத்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பேருக்கே ஒரு லீகல் நோட்டீஸ் எழுதினேன். சட்டப்படி பிள்ளைக்குச் சிகிச்சை தருவது உங்கள் கடமை, சொன்ன தேதியில் சேர்க்காவிட்டால் உங்கள் மேல் நடவடிக்கை எடுப்பேன் என்று கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, தமிழில் படித்துக் காட்டினேன்.

பையனின் அப்பா கவனமாகக் கேட்டார். பிறகு தாளை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் கண்டிப்பா எழுதுங்க மேடம்."