கழுத்துப் பட்டையில் ஒரு கையெழுத்து

என் பீரோவின் கீழ்த்தட்டில், பாலித்தீன் உறைக்குள், ஒரு டி-சர்ட் இருக்கிறது. அது என்ன நிறம் என்று என்னால் சொல்ல முடியாது. பனியன் தொழிலிலேயே தலை நரைத்தவன் இப்படிச் சொல்வது வெட்கக்கேடுதான். நனைந்த மரப்பட்டை மாதிரி என்று சொல்லலாம். வெயிலில் பிடித்தால் அதுவும் இல்லை. மோந்து பார்த்தால் இன்னும் லேசாகப் புகை வாசம் வருகிறது. கழுத்துப் பட்டையின் உள்புறம் ஒரு வெள்ளை லேபிள், அதில் பாதி கரைந்துபோன ஒரு கையெழுத்து. ஒவ்வொரு பொங்கலுக்கும் காப்புக் கட்டுவதற்கு முன் வீடு ஒழிக்கும்போது என் மனைவி அதைக் கரித்துணிக்குக் கேட்பாள். நானும் ஒவ்வொரு பொங்கலுக்கும் சண்டை போட்டுக் காப்பாற்றி விடுவேன். எதற்கு இந்தப் பாடு என்று அவளிடம் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் சட்டையை விட்டுவிட்டு என்னைக் கரித்துணி ஆக்கிவிடுவாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. துணி வாங்க வருகிற வெளிநாட்டுக்காரருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் அந்த வேலை. அந்த முறை வந்திருந்தவர் ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மையார். மாம்பழ மஞ்சளில் ஒரு டி-சர்ட்டைப் பார்த்து, இதுதான் நிறம் என்று லேபிளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். மொத்தத் துணியும் அதே நிறத்தில் வர வேண்டும். வந்ததோ வேறு. பார்க்கிறவர்களுக்கு எல்லாமே மஞ்சள்தான். எங்கள் கண்ணுக்கு அது சோளத்தட்டுக்கும் சாமந்திக்கும் உள்ள தூரம். மறுபடி சாயம் போட இரண்டு நாள் வேண்டும். அம்மையாரோ மறுநாள் காலையில் துணியைப் பார்ப்பதாக இருந்தார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு விட்டார். "அந்தம்மா காடு பாக்கோணும்னு சொல்லிட்டிருந்தாங்கல்லோ? இன்னைக்கே கூட்டிட்டுப் போயிரு கண்ணு. காட்டக் காட்டு, மேட்டக் காட்டு, ஆனையக் காட்டு. சாயப்பட்டறைய மட்டும் காட்டிப்போடாதே."

"எனக்குக் காடுன்னா பயமுங்க."

"ஆனைக்கு அது தெரியாதல்லோ. போ." வாசல் வரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டு, "ஆர்டர் போச்சுன்னா நீயும் அப்படியே மலையிலயே இருந்துக்கோ" என்றார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். மலையில் இருப்பதில் பெண் வீட்டாருக்குச் சம்மதமா என்று தெரியவில்லை.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும், கல்யாணமோ காரியமோ கலெக்டர் ஆபீஸோ, ஒரு கட்டுப் பனியன் கையோடு போகும். மலைமேல் இருக்கிற மக்களுக்குக் கொடுக்கலாம் என்று, நிறம் ஒத்துவராமல் கழித்துப் போட்டிருந்த மஞ்சள் சாம்பிள்களையெல்லாம் மேசையிலிருந்து வாரிப் பைக்குள் திணித்தேன். வாரினேன் என்பது முக்கியம். பார்த்து எடுக்கவில்லை.

நேரத்தைக் கொல்வதற்காக உடுமலைப்பேட்டை சுற்றி, மடத்துக்குளம் வரை போய், அந்த அம்மையாருக்குத் தென்னந்தோப்பு தென்னந்தோப்பாகக் காட்டினேன். மூன்றாவது தோப்பில் அவர், இந்த மரத்துக்கும் முந்திய மரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று மரியாதையாகக் கேட்டார். அதற்குமேல் தாங்காது என்று ஆனைமலை ஏறினோம். மழைக்காட்டுக்கு நடுவே வனத்துறையின் பழைய விடுதி; ஓட்டுக்கூரை, இரண்டு அறை, போன் கிடையாது. அங்கேதான் வாட்சரைப் பார்த்தேன்.

அவர் அந்த மலையிலேயே பிறந்த காடர் பழங்குடிக்காரர். நாற்பது வயது இருக்கும். விடுதிக்கு வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிப் போய்க் கூட்டி வருவது அவர் பொறுப்பு. எல்லோரும் வாட்சர் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பேர் கேட்க வேண்டும் என்று அந்த இரண்டு நாளில் எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் நடையில் நாங்கள் பார்த்தது: ஆவி பறக்கும் யானை லத்தி ஒன்று, ஏதோ ஒன்று பிராண்டிய மரம் ஒன்று, என் கணுக்காலில் பதினோரு அட்டை. அட்டையை எண்ணியவன் நான் மட்டுமே. அம்மையார் அமைதியாக நடந்தார். நான் மட்டும் ஒவ்வொரு இலை அசைவுக்கும் நின்று, "வாட்சரே, அது என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது முறை அவர் திரும்பி, "அது நீங்க மிதிச்ச கிளை சார்" என்றார்.

விடுதிக்குத் திரும்பியதும் எரிச்சலை அவர் மேல் காட்டினேன். இவ்வளவு தூரம் வந்து ஒரு குரங்குகூட இல்லை என்றால் என்ன காடு இது? அவர் என் தோள்பக்கம் வந்து மூச்சை இழுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க மேல ஒரு வாசம் இருக்கு. நீங்க வர்றதுக்கு முன்னாடி அது போய்ச் சொல்லிடுது."

"என்ன வாசம்? புதுத் துணி வாசம்தானே?"

"அதுதான். அப்புறம் நீங்க போட்டிருக்கற இந்த மஞ்சள் சட்டை. ஆனையை விடுங்க, குரங்கும் குருவியும் எட்ட இருந்தே பாத்துடும்."

சாயம், துணியை மிருதுவாக்கும் சாஃப்ட்னர், கறை எடுக்க அடிக்கிற மருந்து எல்லாம் சேர்ந்த வாசத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். திருப்பூரே அப்படித்தான் மணக்கும். அதை ஒரு வாசம் என்று ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு என்ன செய்தேன்? பையில் கைவிட்டு ஒரு மஞ்சள் டி-சர்ட்டை உருவி அவர் கையில் திணித்தேன். "இத வெச்சுக்குங்க. நாளைக்கு எப்படியாவது எதையாவது காட்டிப்போடுங்க." யானைக்கும் கமிஷன் உண்டு என்று நினைத்தேனோ என்னவோ. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் நடை முடிந்ததும் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். "எங்க ஊர்த் தலைவர் மூப்பன்கிட்ட கேட்டுட்டேன். வீட்டுல டீ வெக்கச் சொல்லியிருக்கேன்."

மறுநாள் காலை அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். ஆனால் மஞ்சளைக் காணோம். கடுக்காயும் ஓடைச் சேறும் போட்டு வேகவைத்து, அடுப்புக்கு மேலே கொடியில் காய வைத்தாராம். "நல்ல துணி சார். கலர்தான் கொஞ்சம் சத்தம் போட்டுச்சு" என்றார். எங்கள் சாயப்பட்டறைக்காரர் மூன்று தடவை போட்டும் வராத ஒரு சீரான நிறம். அம்மையார் கிட்டே போய் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்து மெச்சினார்.

ஒற்றையடிப் பாதை. முன்னால் வாட்சர், பின்னால் நான், எனக்குப் பின்னால் அம்மையார். கால் மணி நேரம் நடந்திருப்போம். அவர் ஒரு கிளைக்குக் குனிந்தபோது, கழுத்துப் பட்டையிலிருந்து ஒரு வெள்ளை லேபிள் நாக்கை நீட்டியது. அதில் நீல மையில் ஒரு கையெழுத்து.

ஆர்டர் முழுவதற்கும் அளவுகோலான சாம்பிள் அது. மொத்தத் துணியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு இருந்த ஒரே சட்டை. கடுக்காயில் வெந்து, புகையில் காய்ந்து, எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டவர் எனக்கு இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் காட்டையே பார்க்கவில்லை. அம்மையாரின் பார்வையிலிருந்து லேபிளை மறைக்க, வாட்சரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நடந்தேன். அவர் நின்றால் அவர் மேல் மோதினேன். அன்று சிங்கவால் குரங்குகள் ஒரு கூட்டமாக மரத்துக்கு மரம் தாண்டினவாம். இருவாச்சிப் பறவை ஒன்று தலைக்குமேல் பறந்ததாம், அதன் சிறகுச் சத்தம் ரயில் போகிற மாதிரி இருந்ததாம். எல்லாம் அம்மையார் பிறகு சொல்லித் தெரிந்தது. நான் பார்த்தது ஒரே ஒரு லேபிள்.

அம்மையார் பைனாகுலரோடு சற்று ஒதுங்கியபோது வாட்சரின் கையைப் பிடித்துவிட்டேன். "அந்தச் சட்டையக் கொஞ்சம் கழட்டிக் குடுத்துருங்க. அது மாறி வந்துருச்சு. கம்பெனிச் சாமானுங்க அது. என்ற வேலையே போயிருமுங்க."

"இப்பவா?"

"இப்பவே."

அவர் தலைவழியாகக் கழற்றி, நான்காக மடித்து, லேபிள் மேலே தெரியும்படி என் கையில் வைத்தார். உள்ளே பனியன்கூட இல்லை. மழை பிடித்துக்கொண்டது. என் மேல் முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு. அந்தச் சட்டையை மழைக்கோட்டுக்குள் திணித்துக்கொண்டேன். லேபிளை உள்ளே தள்ளி விட்டிருந்தாலே போதும் என்பதும், என் ஸ்வெட்டரையாவது அவருக்குக் கொடுத்திருக்கலாம் என்பதும் எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று. பயம் வந்தால் எனக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும்.

அந்த வாய் அடுத்த வேலையைச் செய்தது. அம்மையார் திரும்பி வந்து, அவர் ஏன் சட்டையைக் கழற்றிவிட்டார் என்று கேட்டார். காட்டுக்குள் ஓர் எல்லைக்குமேல் இவர்கள் சட்டை போடுவதில்லை, பரம்பரை வழக்கம், என்று என் ஆங்கிலத்தில் அடித்துவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. நோட்டுப்புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். வாட்சரை நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். வாட்சர் அசையாமல் நின்றார். தோளில் ஓர் அட்டை. அதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம். அங்கிருந்து குடியிருப்புக்குப் போன பதினைந்து நிமிட நடையில் அவர் சொன்னது ஒரே வாக்கியம். "வர்றவங்க எல்லாம் இங்கிலீஷ்தான் சார் பேசுவாங்க. கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் புரியும்."

குடியிருப்பில் இருபது வீடு இருக்கும். எங்களுக்காக வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத சட்டை போட்டு நின்றார்கள். மூப்பன் காலர் பட்டன்வரை பூட்டியிருந்தார். விருந்தாளி வருகிற வீட்டில் வெற்றுடம்போடு நின்றவர் வாட்சர் ஒருவர்தான். அம்மையார் ஒவ்வொரு சட்டையாகப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

வாட்சரின் மனைவி டீத் தட்டோடு வந்தவர் அப்படியே நின்றார். "சட்டை எங்க? காலையில புதுசு போட்டுட்டுத்தானே போனீங்க? அத்தனை நேரம் அடுப்புல கிண்டினது எதுக்கு?"

மழைக்கோட்டுக்குள் சட்டை புகை வாசம் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் என்னைவிட நல்ல மூக்கு.

"சாருக்குக் குளிருச்சு. குடுத்துட்டேன்" என்றார் வாட்சர்.

என் மூன்று அடுக்கு உடுப்பையும் பார்த்து முதலில் ஒரு கிழவி சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "இன்னொன்னும் வேணுமான்னு கேளு" என்று யாரோ சொல்ல, மூப்பனே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல். வாட்சர் மட்டும் சிரிக்கவில்லை. மனைவி கொண்டுவந்த காக்கிச் சட்டையைப் போட்டு, ஒவ்வொரு பட்டனாகப் பூட்டிக்கொண்டார். கொண்டுபோன பனியன் கட்டை நான் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. அம்மையார் பால் விடாமல் தேன் கலந்த கட்டன் டீயைக் குடித்துவிட்டு, நோட்டுப்புத்தகத்தைத் திறந்து காட்டில் எழுதிய வரியை நிதானமாகக் கோடு போட்டு அடித்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லித் தப்பியிருப்பேன்.

மறுநாள் திருப்பூர் வந்ததும் முதலாளியின் அறைக்கு ஓடி, மேசைமேல் அந்தச் சட்டையை வைத்து அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிராயரை இழுத்து அதிலிருந்து ஒரு மஞ்சள் டி-சர்ட்டை எடுத்துப் போட்டார். அதே லேபிள், அதே கையெழுத்து.

"எப்பவும் ரெண்டு பீஸ்ல கையெழுத்து வாங்குவமல்லோ. இதக்கூட மறந்துபோட்டு என்ன மெர்ச்சண்டைசர் நீ? பட்டறையில இதப் பாத்துத்தான் சாயம் போட்டு முடிச்சாங்க. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போச்சு. போய்ச் சாப்புடு கண்ணு."

ஆர்டர் நல்லபடியாகக் கப்பலேறியது, வேலை இருந்தது, கல்யாணம் நடந்தது. ஒன்றுமில்லாத ஒன்றுக்காக ஒரு மனிதரை அவர் ஊர் வாசலில் வெற்றுடம்போடு நிற்க வைத்திருந்தேன். சட்டையைத் திருப்பிக் கொடுக்க அடுத்த வருடம் மலையடிவாரச் செக்போஸ்ட் வரை போனேன். வாட்சரைப் பார்க்க வேண்டும் என்றேன். எந்த வாட்சர், பேர் என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வெட்கப்பட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். விசாரித்திருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். கண்டுபிடித்துவிடுவேனோ என்றுதான் பயம்.

இப்போது எனக்கென்று சின்னதாக ஒரு யூனிட் இருக்கிறது. போன மாதம் ஒரு ஆர்டர் வந்தது. மலைமேல் புதிதாக ஒரு விடுதி; காட்டு நடை, பறவை பார்த்தல், மாலை நாலிலிருந்து ஐந்து வரை பழங்குடிக் குடியிருப்பு என்று அட்டவணை போட்ட வழவழப்பான தாள். கூட்டிப் போகிறவர்களுக்கு டி-சர்ட் வேண்டுமாம். பளிச்சென்ற மஞ்சள். வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம். விடுதி மேனேஜருக்குப் போன் போட்டு, மஞ்சளைக் குருவிகூடப் பார்த்துவிடும் என்று அரை மணி நேரம் வாதாடினேன். "நீங்க காட்டுக்கெல்லாம் போயிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். போயிருக்கிறேன், ஆனால் எதையும் பார்த்ததில்லை என்றேன். கடைசியில், சரி, வேறு நிறம் காட்டுங்கள், பார்க்கலாம் என்றார்.

பீரோவைத் திறந்து சட்டையை எடுத்துச் சாயப்பட்டறை மாஸ்டரிடம் கொடுத்தேன். ஆறு முறை துண்டுத்துணியில் போட்டுப் பார்த்துவிட்டு, நேற்று ஆறையும் கொண்டுவந்து என் மேசைமேல் வரிசையாக வைத்தார். எதுவும் அந்தச் சட்டையோடு ஒத்துவரவில்லை.

"அண்ணா, எனக்கு வரலீங்க. இது யார் போட்ட சாயமுங்க? பேரச் சொல்லுங்க, போய்க் கேட்டுட்டு வந்தர்றேன்."

மறுபடி போட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"செரி. சட்டைய நானே வெச்சுக்கட்டுங்களா? பட்டறையில இருக்கட்டும்."

"இல்லீங்க, அதக் குடுத்துருங்க" என்று அவசரமாகக் கையை நீட்டினேன். "அது வேற ஒருத்தருதுங்க."

அவர் அதை நான்காக மடித்து, லேபிள் மேலே தெரியும்படி என் கையில் வைத்தார்.