ஷட்டருக்கு மேலே போன பந்து

பாஞ்சாலி எந்த வாசலையும் சும்மா கடப்பதில்லை. நிலைக்கு நடுவில் ஒரு கணம் நிற்பாள். கைகளைப் பக்கவாட்டில் விரிப்பாள். இடது விரல்நுனி ஒரு சட்டத்தைத் தொடும், வலது விரல்நுனி இன்னொன்றை. பிறகு குதிகாலை உயர்த்தி மேல்சட்டத்தில் ஒரு தட்டு. அவ்வளவுதான், போய்விடுவாள். மர்பி டவுனில் அவர்கள் வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். காலையில் படியில் உட்கார்ந்து ஷூ கட்டும்போதெல்லாம் இதைப் பார்ப்பேன். சாமி கும்பிடுவதில் ஒரு வகை போலும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கத் தைரியம் வந்ததில்லை.

அவளுக்கு இருபது வயது. இந்திராநகரில், செல்போனில் வரும் ஆர்டருக்கு மளிகைச் சாமான் எடுத்துக் கட்டித் தரும் கிடங்கில் வேலை. மாதக் கடைசியில் அதை மூடுகிறார்கள். அதற்கு முன் அவள் வேலை பார்த்த துணிக்கடையும் இப்படித்தான் மூடியது. வைட்ஃபீல்டில் என் ஆபீசிலேயே பாதி நாற்காலிகள் காலி. அடுத்த வருஷத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இந்தச் சமயத்தில்தான் ஒரு பெண்கள் கால்பந்து கிளப் கோல்கீப்பர் தேடியது. ஒரே ஓர் இடம், சனிக்கிழமை தேர்வு. தெரு ஆட்டத்தில் கோல் காக்கும் பாஞ்சாலியும் பேர் கொடுத்திருந்தாள். கிடைத்தால் ஒப்பந்தம், தங்க இடம், சாப்பாடு, தினமும் ஆட்டம். கிடைக்காவிட்டால் ஓசூரில் சித்தி பார்த்துவைத்திருக்கும் தொழிற்சாலை. அங்கே போனவர்கள் யாரும் அப்புறம் பந்தைத் தொட்டதில்லை.

“சனிக்கிழமை உனக்கு லீவுதானேப்பா? கூடப் போய்ட்டு வா. ரெண்டும் சின்னப் பொண்ணுங்க” என்றார் அவள் அம்மா அன்னம்மாள்.

“ஆமா ஆன்ட்டி, அண்ணன் வந்தா எங்களுக்கு நல்ல சேஃப்டி” என்றாள் பாஞ்சாலியின் சிநேகிதி வீணா. “நாய் கொலைச்சா மொதல்ல ஓடி வழி காட்டுவாரு.”

மெட்ரோவில் ஏறும்போதும் பாஞ்சாலி கதவுக்கு நடுவில் நின்று கையை விரித்தாள். பின்னால் வந்தவர், “உள்ள போம்மா, டோர் மூடுது!” என்று எரிந்து விழுந்தார்.

“அளவு எடுக்கறா சார்” என்றாள் வீணா. “நாளைக்குத் தச்சுக் குடுத்துருவா.”

மைதானம் வைட்ஃபீல்டையும் தாண்டி இருந்தது. பயிற்சியாளர் கிருஷ்ணப்பா தொப்பியைக் கண் வரை இறக்கிவிட்டிருந்தார். முதலில் வந்த கோல்கீப்பர்கள் நன்றாகவே தடுத்தார்கள். பாஞ்சாலியின் முறை வந்தது. உயரமான ஒரு பெண் ஓடிவந்து உதைத்தாள். பந்து மேலெழும்பி வந்தது.

பாஞ்சாலி அசையவில்லை. கையைத் தூக்கி, “அவுட்டு!” என்று கத்தினாள்.

பந்து அவள் தலைக்கு மேலே, குறுக்குக் கம்பிக்குக் கீழே புகுந்து வலையில் விழுந்தது.

மைதானமே சிரித்தது. “யாரம்மா அவுட்னு சொன்னது? ரெஃப்ரி வேலைக்கா வந்தே?” என்றார் கிருஷ்ணப்பா. எல்லாவற்றுக்கும் சிரிக்கிற வீணா மட்டும் சிரிக்கவில்லை. துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டு, “போச்சு” என்றாள்.

“சார், ஒரே நிமிஷம் சார்.”

“பேக, பேக” என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார் அவர்.

பாஞ்சாலி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். இடது கம்பத்தில் உள்ளங்கையை வைத்தாள். கோட்டின் மேலேயே மெல்ல நடந்து போய் வலது கம்பத்தைத் தொட்டாள். நடுவுக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, எகிறினாள். கம்பி எட்டவில்லை. மறுபடி எகிறினாள், விரல் பட்டது. பிறகு எப்போதும்போலக் கைகளை விரித்தாள். கம்பங்கள் எங்கேயோ தூரத்தில் நின்றன. கைகளைத் தாழ்த்திக்கொண்டு, “ரெடி சார்” என்றாள்.

அதற்குப் பிறகு நான் பார்த்தவள் வேறு ஒருத்தி. தரையோடு வந்த பந்தைக் காலால் வெட்டி எறிந்தாள். மூலைக்குப் போனதைக் குத்தித் தள்ளினாள். ஒன்று இடுப்போரம் நழுவி உள்ளே போனது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியாது.

கடைசியில் அதே உயரமான பெண். அதே பந்து, இன்னும் வேகமாக. பாஞ்சாலி பின்னோக்கி நகர்ந்தாள், முதுகு வளைந்தது, கால் தரையை விட்டது. காற்றில் படுத்துக் கிடப்பதுபோல ஒரு கணம் தெரிந்தாள். விரல்நுனியில் பட்ட பந்து கம்பியில் மோதி வெளியே தெறித்தது. அவள் விழுந்து எழுந்த பிறகும் கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. வேலிக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர் கப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார். எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை. தட்டினால் ஏதோ கலைந்துவிடும் போலிருந்தது.

கிருஷ்ணப்பா தொப்பியைக் கழற்றினார். “ஹெசரு ஏனம்மா? உன் பேரு?”

“பாஞ்சாலி, சார்.”

“திங்கட்கிழமை பெட்டியோட வந்துடு. அந்தக் கிழிஞ்ச கிளவுஸ் வேணாம், நாங்க குடுக்கறோம்.”

திரும்பும்போது மெட்ரோவில் பாஞ்சாலி கிளவுஸை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். முதல் பந்துக்கு ஏன் அப்படிக் கத்தினாள் என்று வீணாவிடம் மெல்லக் கேட்டேன்.

“எங்க சந்துல மேலே போனா அவுட்டுதானேண்ணா” என்றாள். “கிரவுண்டைப் பசங்க வுட மாட்டாங்க. மூடிக் கெடக்கற அரிசிக் கடை ஷட்டருதான் எங்களுக்கு கோலு. சின்ன வயசுலேர்ந்து அதுக்கு முன்னாடிதான் நிப்பா. நெஜ கோலு எவ்ளோ பெருசுன்னு தெரியாது, அதான் எந்த வாசலைக் கண்டாலும் கோலா நெனச்சு கைய விரிச்சுப் பாக்கறது.”

தூங்குகிறவள் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“கம்பத்துக்கு நடுவுல அவ நின்னது இன்னிக்குதாண்ணா மொத தடவ.”