கரண்டு போனால் கேட்கும் குரல்

வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றவும் தெம்பில்லாமல் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பழைய பாடகர் ஒருவரின் குரல் வந்தது. பாட்டுக்குக் கீழே ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை.

சின்ன வயதில், ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். அம்மா பகல் முழுக்க அங்கே தறி ஓட்டுவார். உச்சத்தில் பாடுகிறவர்கள்தான் தறிச் சத்தத்தை மீறி ரேடியோவில் கேட்பார்கள். எல்லோருக்கும் அவர்களைத்தான் பிடிக்கும். இந்தப் பாடகரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடுவார். மூச்சு வாங்கும் இடத்தைக்கூட மறைக்க மாட்டார். கரண்டு போய்த் தறிகள் நின்றால்தான், பேட்டரி ரேடியோவில் இவர் பாடுவதே தெரியும்.

அப்போது சூடான மோட்டார் வாசனைக்கு நடுவே அம்மா காலை நீட்டி உட்காருவார். தலையெல்லாம் பஞ்சு.

"இந்த மனுசனுக்கும் நம்மளாட்ட அலுப்பு இருக்குது சாமி. அதான் இப்படிப் பாடறாரு."

கடைசிச் சரணத்துக்குள் கரண்டு வந்துவிடும். அம்மா எழுந்துவிடுவார். ஒரு பாட்டையும் அவர் முழுதாகக் கேட்டதில்லை.

இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குக் காது மந்தம். தறி தின்றது போக மிச்சம்தான் இருக்கிறது. போனை அவர் காதோடு வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் மெதுவாகக் காலை நீட்டினார்.

"கரண்டு போயிருச்சா சாமி?"

தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாங்கம்மா. பாட்டு முடியற வரைக்கும் வராதுங்க."