தொங்கவேண்டிய மணல் பை

2007-இல் நான் எட்டாம் வகுப்பு. பள்ளிக்குப் போகாமல் அண்ணாகிராமத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்தேன். வலது இடுப்பு மூட்டில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கவேண்டிய குருத்தெலும்பு தேய்ந்துகொண்டிருந்தது. காலை ஊன்றவும் கூடாது, மூட்டை இறுகவும் விடக்கூடாது என்று சிதம்பரத்து டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை, காலை மடக்கி நீட்டும் பயிற்சி. மற்ற நேரமெல்லாம் காலில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஒரு மணல் பையைத் தொங்கவிட வேண்டும்.

பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸையும் சாத்துக்குடியையும் வைத்துவிட்டு முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு பையைப் பார்ப்பார்கள். சின்னப் பிள்ளையின் காலில் பாரம் கட்ட எந்தப் படுபாவிக்கு மனசு வந்தது என்று கேட்பார்கள். சேத்தியாத்தோப்பு மாமா ஒரு படி மேலே போய், பைக்கு அடியில் செங்கற்களை அண்டக்கொடுத்துவிட்டுப் போனார். என்னைப் பார்த்துக்கொள்ள கீரப்பாளையத்திலிருந்து வந்து தங்கியிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, செங்கல் அசிங்கமாக இருக்கிறதென்று ஸ்டூல் போட்டார். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனதும் பை ஸ்டூலில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். நானும் வலியில்லாமல் தூங்குவேன். இந்தக் கவனிப்புக்குச் சீக்கிரமே நடந்துவிடுவேன் என்றுதான் எல்லோரும் நம்பினோம்.

மறுபடி சிதம்பரம் போனபோது டாக்டர் காலை அகட்டிப் பார்த்தார். கொஞ்சமும் அசையவில்லை. பையைச் சரியாகத் தொங்கவிட்டீர்களா என்று கேட்டார். அத்தை பெருமையாக முன்னால் வந்தார்.

"புள்ளைக்கு வலி ஜாஸ்தியாவக் கூடாதுன்னு பகல்ல ஸ்டூல் மேல தூக்கி வச்சிடறேன் டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பை தொங்கினால்தான் மூட்டைச் சுற்றி இறுகிய தசை தளரும் என்று பொறுமையாக விளக்கினார். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் அறுவைச் சிகிச்சைதான் என்றார். வீடு திரும்பியதும் அத்தை முதல் வேலையாகப் பைக்கு அடியிலிருந்த ஸ்டூலை இழுத்துத் தள்ளி வைத்தார்.

மறுநாளிலிருந்து அத்தை காவலுக்கு உட்கார்ந்தார். சாத்துக்குடியை வாசலிலேயே வாங்கிக்கொண்டு ஆட்களைத் தூர நிறுத்தினார். சேத்தியாத்தோப்பு மாமாவின் கையில் காபி டம்ளர் காலியாகாமல் பார்த்துக்கொண்டார். கை சும்மா இருந்தால் பைக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. வலிக்கிறது என்று நான் கெஞ்சினால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். எனக்கு அவர்மேல் அப்படி ஓர் ஆத்திரம்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் என் காலை மெல்ல அகட்டினார். வலித்தது, கத்தினேன், ஆனால் கால் வந்தது. முழுதாக இல்லை, பாதி. குருத்தெலும்பு இனி எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் கத்தி வைக்கத் தேவையில்லை என்றார்.

அப்போதுதான் அத்தையைத் தேடினேன். அறையின் மூலையில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"அக்கா, ஆபரேஷன் வேணாமாம். திரும்புங்க," என்றார் அப்பா.

"இருடா," என்றார் அத்தை திரும்பாமலே. "மூஞ்சியத் தொடச்சிக்கிறேன்."